கதண்டு கொட்டினால்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த மூன்று நாட்களும்

விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரிக் கொட்டை பொறுக்கும்போதும், அறுவடை முடிந்து கிளை கழிக்கும்போதும், பனையில் நுங்கு வெட்டும்போதும், தெரியாமல் கதண்டுக் கூட்டைக் கலைத்துவிட நேரிடும். பீங்கான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறக்கும்போது கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டே உள்ளே போக வேண்டும்.

ஒன்றிரண்டு கொட்டு பெரும்பாலும் வலி, வீக்கத்தோடு அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்து இரண்டு வழிகளில் வரும். முதலாவது ஒவ்வாமை. இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். இரண்டாவது, பல கொட்டுகளால் உடலில் ஏறும் நஞ்சு. இது தசையையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்து, ஓரிரு நாள் கழித்துக்கூட அதைச் செயலிழக்க வைக்கலாம். "நேற்று நன்றாகத்தானே இருந்தார்" என்று சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது.

எது கதண்டு?

கதண்டு குளவி இனத்தைச் சேர்ந்தது. சுமார் ஓர் அங்குல நீளம், கருத்த உடல், வயிற்றின் முன்பகுதியில் அகலமான மஞ்சள் பட்டை இருக்கும். மரக்கூழால் காகிதம் போன்ற கூடு கட்டும். மரக்கிளை, பனை உச்சி, பொந்து, கூரை என எங்கும் கட்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். கதண்டின் கொடுக்கு பொதுவாகத் தங்காது. அதனால் ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும்.

கூடு கலைந்தால் உடனே

• துண்டாலோ முந்தானையாலோ தலை, முகம், கழுத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். வீடு, வண்டி என மூடிய இடத்துக்குள் போய்விடுங்கள்.
• நின்று அடிக்காதீர்கள். நசுங்கிய கதண்டிலிருந்து வரும் வாடை மற்றவற்றையும் வரவழைக்கும்.
• கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள். மூழ்கும் ஆபத்துதான் அதிகம்.
• மரத்தில் ஏறியவர் கொட்டுப்பட்டு விழுந்திருந்தால் கழுத்து, முதுகை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கதண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள்.

முதலுதவி

1. மோதிரம், வளையல், அரைஞாண், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வரும் முன்பே கழற்றுங்கள்.
2. கொடுக்கு தெரிந்தால் நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். கருவி தேடி நேரம் கடத்த வேண்டாம்.
3. சோப்பு, தண்ணீரால் கழுவுங்கள்.
4. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 நிமிடம் வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும்.
5. எத்தனை இடத்தில் கொட்டியது, எத்தனை மணிக்குக் கொட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். நஞ்சு தோலுக்கு அடியில் இறங்கிவிடுகிறது. மேலே பூசுவது அதை முறிக்காது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். கொட்டிய இடத்தைக் கீறுவது, கயிறு கட்டுவது, வலி மறக்க மது கொடுப்பது எதுவும் கூடாது.

108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• மூச்சுத் திணறல், இளைப்பு, குரல் கம்மல்
• உதடு, நாக்கு, தொண்டை வீக்கம்
• உடல் முழுக்கத் தடிப்பும் அரிப்பும்
• தலைச்சுற்றல், மயக்கம், தொடர் வாந்தி

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். இதற்கு உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள்.

வாய், தொண்டைக்குள் கொட்டினாலும், பத்துக்கு மேற்பட்ட கொட்டு இருந்தாலும் அறிகுறி இல்லை என்று வீட்டில் இருக்க வேண்டாம். குழந்தை, முதியவர், கர்ப்பிணி, இதய நோயாளி என்றால் அதைவிடக் குறைந்த கொட்டுகளுக்கே மருத்துவமனை போங்கள். முன்பு ஒருமுறை கொட்டியபோது ஒவ்வாமை வந்தவர் ஒரு கொட்டுக்கே போக வேண்டும்.

அடுத்த மூன்று நாட்கள்

பல இடங்களில் கொட்டுப்பட்டவர் வீடு திரும்பிய பிறகும் சிறுநீரைக் கவனியுங்கள். கட்டங்காப்பி நிறத்திலோ சிவப்பாகவோ போனாலும், அளவு குறைந்தாலும், முகமும் காலும் வீங்கினாலும், கண் மஞ்சளானாலும் அன்றே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையில் பாதிப்பு தெரிந்துவிடும். உரிய நேரத்தில் சிகிச்சையும், தேவைப்பட்டால் டயாலிசிஸும் கிடைத்தால் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடும். விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் காட்டிய பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் தயங்காதீர்கள்; சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை எட்டும் தூரத்திலேயே உள்ளன. பல கொட்டுப்பட்டவருக்கு மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள். டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்துக்கு மேலும் சுமை.

கூட்டை என்ன செய்வது?

தீப்பந்தம் கட்டிக் கொளுத்துவது கொட்டும் வாங்கித் தரும், சருகு நிறைந்த முந்திரித் தோப்பில் தீயும் பரப்பும். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கூடு இருந்தால் 101-ல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்த மரத்தடியில் வேலையை நிறுத்தி, குழந்தைகளும் ஆடுமாடுகளும் போகாதபடி பாருங்கள். யாரும் போகாத மூலையில் இருக்கும் கூட்டை விட்டுவிடலாம்; கதண்டு புழுக்களையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும்.

நாளை தோப்பில் வேலை தொடங்கும் முன் ஒரு மரம் விடாமல் கிளை, பொந்து, அடிமரம் பார்த்துவிடுங்கள். கூடு உள்ள மரத்தில் தூரத்திலிருந்தே தெரியும்படி சுற்றிலும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுங்கள். கூலிக்கு வருகிறவர்களிடமும் அந்த மரத்தைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.