பாஸ் லினக்ஸில் ஒரு விண்கலச் சண்டை

உத்திரமேரூர் மாதிரியான ஊர்களில் வீடியோ கேம் என்றால் காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டி அல்ல, அன்று டிவி கேம்தான். காலக்ஸியன் போன்ற விண்கலச் சண்டைகள் தொண்ணூறுகளில் அதன் கேசட்டில், பெரும்பாலும் உரிமம் இல்லாத நகலாக வந்தன. இன்னொரு வாசல் 2011 செப்டம்பரில் திறந்தது. அப்போது தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. அந்த வாசல் வழியே வரக்கூடிய பழைய சுடும் விளையாட்டுகளைத் திருட்டு நகல் என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றைப் பிழைக்க வைத்தது பழைய ஞாபகம் மட்டுமல்ல. மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் கிடைத்த உரிமை.

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள். 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080 சில்லு ஒரு சட்டகத்துக்கு ஓர் எதிரியை மட்டுமே நகர்த்தியது. சுடச்சுட எண்ணிக்கை குறையும், மிச்சமிருப்பவை வேகம் பிடிக்கும். ஆட்டத்தின் பதற்றமே அந்தச் சில்லின் மந்தத்தில் பிறந்தது. இன்றைய கணினிக்கு அந்த மந்தம் கிடையாது. அதையும் நிரலாக எழுதித்தான் தர வேண்டும். ஆஸ்டிராய்ட்ஸ் என்ற ஆர்கேட் விளையாட்டின் வழியில் 1992இல் மேகின்டாஷுக்கு வந்த மேல்ஸ்ட்ராம், ஒரு கணினியின் ஆட்டத்தை இன்னொன்றுக்கு மாற்றி எழுதுவதற்கு நல்ல சான்று. சாம் லான்டிங்கா அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். திரை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் கணினிக்குக் கணினி புதிதாக எழுதாமலிருக்க 1998இல் எஸ்டிஎல் நூலகத்தையும் அவரே தொடங்கினார். இன்று பல பழைய விளையாட்டுகள் அதன் மேல்தான் ஓடுகின்றன. உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுச் சபைத் தேர்தல் விதியும், அதைத் திருத்திய 14ஆம் ஆண்டு விதியும் ஒரே கோயிலில் நிற்பதால் எது மாறியது என்று நாமே ஒப்பிடலாம். திறந்த நிரலிலும் பழையதையும் திருத்தியதையும் அப்படி ஒப்பிடலாம்.

பழைய ஆர்கேட் பெட்டிகளைக் கணினியில் அப்படியே ஓட்டும் மேம் எமுலேட்டர் 1997 முதலே இருக்கிறதே, திறந்த நிரல் எதற்கு என்று கேட்கலாம். பழைய பெட்டியை அச்சுப் பிசகாமல் காட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதில் ஊட்ட வேண்டிய ரோம் (ROM) கோப்பு, அதாவது பெட்டியின் சில்லிலிருந்து எடுத்த விளையாட்டு நகல், பெரும்பாலும் இன்னும் நிறுவனத்தின் சொத்து. சுற்றிவளைத்து மறுபடியும் கேசட் நகலிடமே வந்து நிற்கிறோம். நிரலைத் திறந்தாலும் முழுதாகக் கிடைத்துவிடாது என்பதும் உண்மை. ஆர்கேட் வகை இல்லையென்றாலும் டூம் என்ற சுடும் விளையாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 1997 டிசம்பரில் அதை உருவாக்கிய நிறுவனம் நிரலை வெளியிட்டபோது டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் வேறொருவர் சொத்து என்பதால் லினக்ஸ் பதிப்பைத்தான் தர முடிந்தது. படங்களும் ஒலிகளும் அப்போதும் உரிமைக்குள்ளேயே இருந்தன. அவற்றுக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் புதிதாக வரைந்து சேர்த்ததுதான் ஃப்ரீடூம்.

வலுவான மறுப்பு இன்னொன்று: மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் லினக்ஸ் பக்கம் போனார்கள்? விண்டோஸே பழக்கம் என்றிருந்தவர்கள்தான் அதிகம் என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. ஆனால் எஸ்டிஎல் விண்டோஸிலும் ஓடும். டூமின் திறந்த பதிப்புகளும் ஓடும். பாஸைத் திறக்கவே திறக்காத பிள்ளைக்கும் அவை காசில்லாமல், உரிமையோடு கிடைக்கின்றன. லினக்ஸின் பக்கம் நிற்பவர்கள் இதை ஏனோ அதிகம் சொல்வதில்லை.