ஆர்கோனியா ஊரின் ஓராண்டு

சிற்றூர் நகர்மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை விரும்பிப் படிப்பவர் மிகச் சிலரே. வண்டிகளுக்கு உரிமம், வரி நிலுவை, நடைபாதைப் பலகை என்று பக்கங்கள் நகரும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆர்கோனியாவின் 1887ஆம் ஆண்டு நடவடிக்கைகளும் இத்தகையவையே. அவ்வாண்டில் ஏறத்தாழ ஐந்நூறு பேரே வாழ்ந்த அந்த ஊரின் மன்றக் கூட்டத்தைக் காண, நியூயார்க்கிலிருந்து வெளிவந்த 'சன்' நாளிதழின் செய்தியாளர் ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். தலைமை நாற்காலியில் இருந்தவர் ஒரு பெண் என்பதே காரணம். சூசன்னா சால்ட்டர் அப்போது இருபத்தேழு வயதினர். அமெரிக்காவில் மேயர் பதவி வகித்த முதல் பெண் அவரே.

அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது; பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்காகவே சொல்லப்பட்டிருக்கிறது. கதையின் வேர் அதற்குச் சற்று முன்னரே இருக்கிறது. கன்சாஸ் மாநிலம் 1880ஆம் ஆண்டிலேயே மதுவிலக்கைத் தன் அரசியல் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. சட்டம் இருந்தது, அதைச் செயற்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளூர் அதிகாரிகளின் கையில் இருந்தது. எனவே நகர்மன்றத்தில் யார் அமர்கிறார் என்பது மதுவிலக்கு இயக்கத்தாருக்கு உயிர்நாடியான கேள்வி ஆயிற்று. 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் சட்டமன்றம் நகர்மன்றத் தேர்தல்களில் மட்டும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. ஆர்கோனியாவில் இருந்த கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கத்தினர் உடனே ஒரு கூட்டம் கூட்டித் தங்கள் வேட்பாளர் பட்டியலை முடிவு செய்தனர். பட்டியலில் இருந்தவர் அனைவரும் ஆண்களே.

பெண்கள் தேர்தலில் தலையிடுவதே பொறுக்காத இருபது பேர் ஊரில் இருந்தனர். அவர்கள் தனியே கூடி, சங்கத்தின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, மேயர் பதவிக்குரிய பெயரை மட்டும் மாற்றி, சூசன்னா சால்ட்டரின் பெயரை இட்டனர். அக்காலத்தில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடுவதில்லை. கட்சிகளும் குழுக்களும் தாமே அச்சிட்டு வழங்கும். வேட்பாளர் பெயரை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும் என்ற விதியும் இல்லை. ஆகவே ஏப்ரல் 4ஆம் நாள் காலையில் சீட்டைக் கையில் வாங்கும்வரை ஊராருக்கு இது தெரியாது, சூசன்னாவுக்கும் தெரியாது. சங்கத்தினர் சிலர் மட்டுமே அவருக்கு வாக்களிப்பர், எண்ணிக்கை வெளியானதும் ஊர் நகைக்கும், பெண்கள் அரசியல் பக்கமே வரமாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

குடியரசுக் கட்சியினர் உடனே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினர். வந்தவர்கள் கண்டது துணி வெளுத்துக்கொண்டிருந்த சூசன்னாவை. தேர்ந்தெடுக்கப்பட்டால் பதவியை ஏற்பீர்களா என்று கேட்டனர், ஏற்பேன் என்றார். மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் தாம் முன்னரே முடிவு செய்திருந்த வேட்பாளரைக் கைவிட்டு ஒட்டுமொத்தமாகச் சூசன்னாவுக்கு வாக்களித்தனர். பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு விழுந்தது.

கேலி திரும்பி வந்து கேலி செய்தவரையே தாக்கியது என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அப்படி முடிப்பது அப்பெண்களுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. தேர்தல் நாளன்று சில மணி நேரத்துக்குள் ஒரு வேட்பாளரை விட்டு இன்னொருவரிடம் வாக்குகளை மொத்தமாக மாற்றுவது பழுத்த கட்சிக்காரர்களுக்கே எளிதன்று. வாக்குரிமை பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த பெண்கள் அதைச் செய்து காட்டினர். சூசன்னாவும் ஒன்றுமறியாத இல்லத்தரசி அல்லர். கன்சாஸ் மாநில வேளாண் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர். நோயினால் பட்டம் பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு படிப்பை விட்டவர். ஆர்கோனியா 1885இல் நகராகப் பதிவுபெற்றபோது அதன் முதல் மேயராக இருந்தவர் அவருடைய தந்தை ஆலிவர் கின்சி. கணவர் லூயிஸ் சால்ட்டர் நகர்மன்ற எழுத்தர். மாமனார் கன்சாஸ் மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர். ஊர் நிர்வாகம் அவர் வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே இருந்திருக்கும். அவர் பெயரைத் தேர்ந்தெடுத்த இருபது பேரும் இதை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

முதற் கூட்டத்தில் அவர் உறுப்பினர்களை நோக்கி, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள் நீங்களே, நான் தலைமை தாங்குபவள் மட்டுமே என்னும் பொருள்படப் பேசித் தொடங்கியதாகச் சொல்வர். இது பணிவா, சாமர்த்தியமா என்று பிரித்தறிவது கடினம். சன் நாளிதழின் செய்தியாளர் மேயரின் உடையையும் தொப்பியையும் வருணித்து எழுதினார். ஆண் மேயராக இருந்தால் தொப்பி செய்தியாகியிருக்குமா? எனினும், பேச்சு பொருளை விட்டு விலகியபோதெல்லாம் அவர் அதைத் தடுத்து நிறுத்தினார் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. செய்தி கடல் கடந்து ஐரோப்பிய நாடுகளிலும் பரவியது. பாராட்டு மடல்களோடு கேலிப் படங்களும் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு பெண் வாக்குரிமையாளர் மாநாட்டில் அவரைச் சந்தித்த சூசன் ஆந்தனி, நீங்களும் மற்றப் பெண்களைப்போலத்தானே இருக்கிறீர்கள் என்று தோளில் தட்டிச் சொன்னாராம்.

அந்த ஓராண்டில் நடந்தவை யாவை? உரிமம் பெறாமல் தொழில் நடத்திய சரக்கு வண்டிக்காரர் இருவரைப் பிடிக்க ஆணை பிறப்பிக்கப்பட்டது. ஆளில்லாத வீடொன்றின் மீது சிறுவர்கள் கல்லெறிவதாக வந்த முறையீடு கவனிக்கப்பட்டது. இவை போன்றவையே குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள். பதவிக்காலத்தில் அவருக்கு ஒரு குழந்தையும் பிறந்தது. பின்னர் எழுதியவர்கள் 'குறிப்பிடும்படி ஏதும் நிகழாத ஆண்டு' என ஒரே வரியில் கடந்து போகின்றனர். ஊர் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்ட ஒருவரின் பதவிக்காலத்தில் சிரிக்க ஏதும் நிகழாமற் போனதை அத்தனை அலட்சியமாகக் கடக்க இயலவில்லை.

ஆண்டு முடிந்தபோது அவர் மீண்டும் போட்டியிட மறுத்துவிட்டார். ஓராண்டுப் பணிக்கு அவர் பெற்ற ஊதியம் 1 டாலர். ஆனால் 1888ஆம் ஆண்டு அதே மாநிலத்தின் ஆஸ்கலூசா நகரில் மேயராக மேரி லோமனும், மன்ற உறுப்பினர்களாக முழுவதும் பெண்களுமே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கு வேடிக்கைக்காக எவரும் பெயர் மாற்றியதாகக் கதை இல்லை. கன்சாஸ் பெண்களுக்கு எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கும் உரிமை 1912இல்தான் கிட்டியது. நாடு முழுமைக்கும் 1920இல்.

சால்ட்டர் குடும்பம் பின்னர் ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்தது. சூசன்னா வேறு எந்தப் பதவியையும் நாடவில்லை. 1916இல் கணவர் மறைந்தபின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 1961 மார்ச் 17 அன்று தம் நூற்றொன்றாம் வயதில் நார்மன் நகரில் காலமானார். உடலை ஆர்கோனியாவுக்குக் கொண்டுவந்து கணவரின் அருகில் அடக்கம் செய்தனர்.