முன் அனுபவமின்றித் தகவல் தொழில்நுட்பத் துறையில் நுழைதல் (தமிழ்நாடு)

முன் அனுபவமின்றித் தகவல் தொழில்நுட்பத் துறையில் நுழைதல் என்பது, இதற்கு முன் மென்பொருள் நிறுவனம் எதிலும் பணியாற்றியிராத ஒருவர் நிரலாக்கம், மென்பொருள் சோதனை, வலையமைப்புப் பராமரிப்பு, இடைமுக வடிவமைப்பு, வாடிக்கையாளருக்கான தொழில்நுட்ப உதவி முதலான பணிகளுள் ஒன்றில் முதன்முறையாகச் சேர்வதைக் குறிக்கும். இவ்வாறு சேர்பவர் பேச்சு வழக்கில் ஃபிரெஷர் எனப்படுகின்றார். வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும் என்னும் சிக்கல் பல தொழில்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் இச்சிக்கலைத் தீர்க்க வளாக நேர்காணல், நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள், அரசுத் திட்டங்கள், கட்டற்ற மென்பொருள் பங்களிப்பு எனப் பல வழிகள் வெவ்வேறு காலங்களில் உருவாகியுள்ளன.

அனுபவம் என்னும் நிபந்தனை

புதிதாகச் சேரும் நிரலாளர் பயன்படத்தக்க வேலையைச் செய்யத் தொடங்கச் சில மாதங்கள் ஆகும். அக்காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர் எழுதும் நிரலை மூத்தவர் ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். தேறிய பின் அவர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிடுவதும் உண்டு. ஓராண்டு அனுபவம் தேவை என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், இச்செலவை வேறொருவர் ஏற்கனவே ஏற்றிருக்க வேண்டும் என்றே கேட்கின்றது. ஆகவே நுழைவு வழிகளை வேறுபடுத்தி அறிய எளிய முறை, பயிற்சிக் காலத்தின் செலவை யார் ஏற்கின்றார் என்று பார்ப்பதாகும்.

இதனைத் திருப்பூர் வட்டாரத்தின் வழக்கத்தோடு ஒப்பிடலாம். பனியன் கம்பெனியில் தையல் அறியாத ஒருவர் டெய்லருக்கு உதவியாளாகச் சேர்கின்றார். துணியை மடித்துக் கொடுப்பதும், தைத்தவற்றை அடுக்குவதும், நூல் பிசிறு வெட்டுவதும் அவரது வேலை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டே, இடைவேளைகளில் ஓவர்லாக் இயந்திரத்தில் கைபழகுகின்றார். திருப்பூரை அடுத்த மங்கலம், சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களிலும் இவ்வாறே, அறுந்த இழையை முடியக் கற்றவர் பின்னர் தறியை ஓட்டுபவர் ஆகின்றார். கற்கும் நாளும் கூலி நாளே. மென்பொருள் துறையில் இத்தகைய உதவியாள் நிலை மிகக் குறைவு. மென்பொருள் சோதனையும் வாடிக்கையாளர் உதவியும் ஓரளவு அதற்கு அண்மையானவை.

வரலாறு

1980களிலும் 1990களிலும் பயிற்சிச் செலவை ஏற்றவை பெரும்பாலும் குடும்பங்களே. 1981-இல் தொடங்கப்பட்ட என்.ஐ.ஐ.டி., 1986-இல் தொடங்கப்பட்ட ஆப்டெக் போன்ற தனியார் நிறுவனங்கள் நாடெங்கும் கணினி மையங்களைத் திறந்தன. அரசுச் சார்பில் டோயக் அமைப்பு ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகளில் தேர்வுகளை நடத்தியது. இவ்வமைப்பு 2011-இல் நைலிட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்யும் பணிகளுக்காகக் கோபால் அறிந்தவர்கள் பெருமளவில் தேவைப்பட்டபோது, கணினி அறிவியல் படிக்காத பலரும் இம்மையங்களின் வழியே துறைக்குள் வந்தனர்.

1990களின் பிற்பகுதியிலிருந்து வளாக நேர்காணல் முதன்மையான வாயிலாயிற்று. பெரிய நிறுவனங்கள் பொறியியல் கல்லூரிகளுக்கு நேரில் சென்று, குடிசார், இயந்திர, நெசவுப் பொறியியல் மாணவர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தன. இன்போசிசின் மைசூர் வளாகம் போன்ற பயிற்சி மையங்களில் அவர்களுக்குச் சில மாதங்கள் நிரலாக்கம் கற்பிக்கப்பட்டது. ஆகவே பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அனுபவம் ஒருபோதும் நிபந்தனையாக இருந்ததில்லை. பட்டமும் மதிப்பெண்ணுமே நிபந்தனைகளாக இருந்தன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவைத் தாள் இல்லாமை என்னும் விதி பல நிறுவனங்களில் வழங்கியது. பதினைந்து வயதில் எழுதிய தேர்வின் மதிப்பெண்ணைப் பின்னர் மாற்ற இயலாது என்பதால், வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்தவர்களை இவ்விதி கடுமையாகப் பாதித்தது. அறிவியல் பட்டதாரிகளுக்கு விப்ரோ நிறுவனம் பிலானி பிட்ஸ் கல்வி நிலையத்துடன் சேர்ந்து, வேலை செய்துகொண்டே முதுநிலைப் பட்டம் பெறும் திட்டம் ஒன்றை நடத்தியது.

இவ்வாயில் எப்போதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. 2021–22 நிதியாண்டில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 1 இலட்சம் புதியவர்களையும், இன்போசிசு ஏறத்தாழ 85,000 புதியவர்களையும் சேர்த்தன. 2023–24-இல் இவ்விரு நிறுவனங்களின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையே குறைந்தது. இடைப்பட்ட காலத்தில் படிப்பை முடித்த பலர், பணி ஆணை கையில் இருந்தும் சேரும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஒருவர் எந்த ஆண்டில் படிப்பை முடிக்கின்றார் என்பது அவரது திறமை அளவுக்கே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

சோகோ பள்ளிகள்

பட்டம் என்னும் நிபந்தனையையே நீக்கிய முயற்சிகளுள் தமிழ்நாட்டில் பெரிதும் அறியப்பட்டது சோகோ நிறுவனத்தின் பள்ளியாகும். சிறீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-இல் தொடங்கிய இந்நிறுவனம் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் இயங்கி, 2009-இல் சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. தம் நிறுவனத்தில் ஒருவர் படித்த கல்லூரிக்கும் அவர் செய்யும் வேலையின் தரத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்னும் அவதானிப்பே இப்பள்ளிக்கு அடிப்படை எனச் சிறீதர் வேம்பு கூறியுள்ளார். அவரோ சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டமும் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

2005-இல் சோகோ பல்கலைக்கழகம் என்னும் பெயரில் மிகச் சில மாணவர்களுடன் தொடங்கப்பட்ட இது, பின்னர் சோகோ பள்ளிகள் எனப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது பட்டயப் படிப்பு முடித்தவர்கள் எழுத்துத் தேர்வு, நேர்காணல் வழியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பயிற்சி இரண்டு ஆண்டுகள். கட்டணம் இல்லை, மாறாக மாணவருக்கு மாத உதவித்தொகை வழங்கப்படுகின்றது. முதற்கட்டத்தில் நிரலாக்கம், கணிதம், ஆங்கிலம் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. பின்னர் மாணவர்கள் நிறுவனத்தின் உண்மையான குழுக்களில் இணைந்து வேலை செய்கின்றனர். முடித்தவர்கள் அந்நிறுவனத்திலேயே பணியமர்த்தப்படுகின்றனர். தொழில்நுட்பத்துடன் வடிவமைப்பு, வணிகம் ஆகியவற்றுக்கும் தனிப் பள்ளிகள் ஏற்பட்டன. குடும்பப் பொறுப்புகளால் வேலையை இடையில் விட்ட பெண்களுக்காக மறுபடி என்னும் பயிற்சியும் நடத்தப்பட்டது. சென்னையை அடுத்த வளாகத்துடன், 2011 முதல் நிறுவனத்தின் அலுவலகம் இயங்கிவரும் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் பயிற்சி அளிக்கப்படுகின்றது.

ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது. தமிழ்வழியில் படித்த மாணவர் நேர்காணலில் தடுமாறுவது பெரும்பாலும் நிரலாக்கத்தால் அன்று, பேச்சு ஆங்கிலத்தால் ஆகும். அதனை நுழைவுத் தகுதியாக வைக்காமல் பாடமாக வைத்ததே இப்பள்ளியின் முக்கியமான வேறுபாடு எனக் கருத இடமுண்டு.

இம்முறைக்கு வரம்புகளும் உள்ளன. விண்ணப்பிப்பவர்களை நோக்க இடங்கள் மிகக் குறைவு. முடிவில் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கப்படுவதில்லை. பட்டம் கோரும் அரசுப் பணித் தேர்வுகளை இம்மாணவர் எழுத இயலாது. அமெரிக்காவின் எச்-1பி நுழைவிசைவு இளநிலைப் பட்டத்தையோ அதற்கு ஈடான நீண்ட பணி அனுபவத்தையோ கேட்கின்றது. இவ்விழப்புகளை அறிந்தே பெற்றோரும் மாணவரும் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

பிற திட்டங்கள்

எச்.சி.எல். நிறுவனம் 2017-இல் தொடங்கிய டெக்பீ திட்டம், கணிதம் படித்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பயிற்சி அளித்து வேலையில் சேர்த்துக்கொண்டு, தஞ்சை சாத்திரா, பிலானி பிட்ஸ் போன்ற நிலையங்களில் பகுதிநேரமாகப் பட்டம் படிக்கவும் வழி செய்கின்றது. சோகோ பள்ளியைப் போலன்றி இதில் பயிற்சிக் கட்டணம் உண்டு. அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடும் உண்டு. பட்டம் கிடைப்பது இதன் நன்மை.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம், கல்லூரிப் பாடங்களுடன் தொழில்துறைப் பயிற்சிகளை இணைத்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதுமானது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமும் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பொருந்தும். 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் பழகுநராகச் சேரலாம். உதவித்தொகையின் ஒரு பகுதியை அரசு ஏற்கின்றது. தமிழ்நாட்டின் மென்பொருள் துறையில் இவ்வழி இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

வேலையே சான்றாதல்

அனுபவச் சான்று இல்லாதவர், தாம் செய்த வேலையையே காட்டலாம். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாக உள்ளது. ஒரு வழுவைத் திருத்தி அனுப்பினால், அது ஏற்கப்பட்டதா, எத்தகைய கருத்துரைகளுக்குப் பின் ஏற்கப்பட்டது என்பன யாவும் பதிவில் நிற்கும். ஆவணங்களைத் திருத்துதல், தமிழாக்கம், வழு அறிவித்தல் ஆகியவற்றில் தொடங்கி நிரலுக்குச் செல்வது பலர் பின்பற்றும் படிமுறை. கூகிள் 2005 முதல் நடத்திவரும் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் உதவித்தொகையுடன் இப்பங்களிப்புக்கு இடமளிக்கின்றது. 2022-இல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம் என விதி தளர்த்தப்பட்டது. தமிழில் கற்பதற்கு, 2012-இல் தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழ் லினக்சு, பைத்தான், தரவுத்தளம் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் கட்டணமின்றி வெளியிட்டுள்ளது.

இவ்வழியில் செலவை ஏற்பவர் கற்பவரே. பணமாக அன்று, நேரமாக ஏற்கின்றார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து வருபவருக்கு அந்த நேரம் எளிதாகக் கிடைப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் அனைவருக்கும் திறந்த வாயில் என்று சொல்பவர்கள் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

பின்னலாடை, விசைத்தறி வட்டாரத்தில்

மங்கலம் போன்ற ஊர்களில் நடக்கும் கூலி நெசவில், தறி உரிமையாளர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று நெய்து, மீட்டருக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகின்றார். கூலி உயர்வு கோரி 2022-இன் தொடக்கத்திலும் 2025-இலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. வருவாய் இவ்வாறு நிலையற்றிருக்கும் வீட்டில், ஒரு பிள்ளை ஓராண்டு சம்பாதிக்காமல் நிரலாக்கம் கற்பது பெரிய முடிவு. அதே ஆண்டில் அப்பிள்ளை பனியன் கம்பெனியில் முதல் வாரத்திலிருந்தே கூலி பெறமுடியும். பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் நெடுங்காலமாக ஆண்டுக்கு 3 முதல் 4 இலட்சம் ரூபாய் அளவிலேயே நின்றுவிட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவது, நன்கு தைக்கும் டெய்லரின் வருவாயைவிடப் பெரிதாக இருப்பதில்லை. வேறுபாடு சில ஆண்டுகள் கழித்தே தெரியத் தொடங்கும்.

மற்றொரு தடை அறிமுகமின்மை. பனியன் கம்பெனி வாயிலில் ஆட்கள் தேவை என்னும் பலகை தொங்கும். மென்பொருள் வேலைகளிலோ கணிசமானவை உள்ளே பணிபுரிபவர் பரிந்துரைக்கும் நபர்களுக்குச் செல்கின்றன. உறவிலும் தெருவிலும் அத்தகைய ஒருவர் இல்லாதவர், கல்லூரியின் முன்னாள் மாணவர்களையும் பயனர் குழுக்களையுமே நாட வேண்டியுள்ளது.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு வழியும் உண்டு. ஏற்றுமதி நிறுவனங்கள் ஆர்டர், நூல், சாயம், தையல், பொதியல் ஆகியவற்றைக் கணினியில் தொடர்கின்றன. வடிவ வரைவும் மென்பொருளால் செய்யப்படுகின்றது. ஒரு பனியன் எந்தெந்தக் கைகளைக் கடந்து பெட்டிக்குள் செல்கின்றது என்பதை அறிந்தவர், அம்மென்பொருளை நிறுவிப் பயிற்றும் வேலைக்கு வெளியூர்ப் பட்டதாரியைவிடப் பொருத்தமானவர். தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் தரவு உள்ளீட்டாளராகத் தொடங்கி, அறிக்கைகள் தயாரிக்கக் கற்று, அங்கிருந்து மென்பொருள் நிறுவனத்துக்குச் செல்வது இவ்வழியின் இயல்பான போக்கு. இங்கு முன்பு செய்த வேலையே அனுபவமாகக் கணக்கில் வருகின்றது.

மோசடிகளும் சட்டச் சிக்கல்களும்

வேலை தேடும் புதியவரிடம் முன்பணம் பெற்று ஏமாற்றுவது பழைய முறை. 2022-இல் இது வேறு வடிவம் எடுத்தது. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சிலர் மீட்டு அழைத்து வரப்பட்டனர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உள்ளதா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம்.

போலி அனுபவச் சான்று மற்றொரு பொறி. இயங்காத நிறுவனத்தின் பெயரில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் காட்டித் தருவதாகக் கூறிப் பணம் பெறுவோர் உள்ளனர். 2014-இல் வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுக் கணக்கு எண் அறிமுகமான பின், ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை பணியாற்றினார் என்பதைச் சரிபார்ப்பது எளிதாகிவிட்டது. பொய் வெளிப்படுவது பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகே. அப்போது வேலையும் போய், உண்மையான சில மாத அனுபவமும் சொல்லிக்கொள்ள முடியாததாகிவிடுகின்றது.

பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள் சில, குறிப்பிட்ட காலம் பணியாற்றாமல் விலகினால் தொகை செலுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குகின்றன. இத்தகைய நிபந்தனை தன்னளவில் சட்டத்துக்குப் புறம்பானது அன்று என, விஜயா வங்கி அலுவலர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் ஒப்பந்தக் காலம் மூன்று ஆண்டுகள், தொகை 2 இலட்சம் ரூபாய். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீட்டையே பெற இடமளிக்கின்றது. ஆகவே கையெழுத்திடும் முன் தொகை, காலம், எந்தப் பயிற்சிக்காக என்னும் மூன்றும் எழுத்தில் உள்ளனவா என்று பார்ப்பதும், ஒரு படியைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்வதும் தேவையாகும்.