மின்தடையும் மின்திறனும் கணக்கிடல்

ஒரு மின்சுற்றின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடலாம். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்டார். மின்தடையின் அலகு அவர் பெயரால் ஓம் எனப்படுகிறது.

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் × மின்னோட்டம்

230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் வாட்டர் ஹீட்டரின் மின்தடை 23 ஓம். மின்திறன் 2,300 வாட். அரை மணி நேரம் ஓடினால் 1.15 யூனிட் செலவாகும். மின்னழுத்தம் 184 வோல்ட்டாகக் குறைந்தால், மின்தடை மாறாத நிலையில், மின்னோட்டம் 8 ஆம்பியராகவும் மின்திறன் 1,472 வாட்டாகவும் இறங்கும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, மின்திறன் 36 விழுக்காடு குறைகிறது. மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதே காரணம்.

எல்லாப் பொருள்களின் மின்தடையும் மாறாமல் இருப்பதில்லை. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சூடேறும்போது மின்தடை பல மடங்கு உயர்கிறது. ஆகவே எரியும்போது அளந்த மின்னோட்டத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டார்களுக்கு மின்னழுத்தம், மின்னோட்டம் இவற்றின் பெருக்கற்பலனைத் திறன் காரணியாலும் பெருக்கினால்தான் உண்மையான மின்திறன் கிடைக்கும்.