பிரசவ அறைக்குக் கீழே இருக்கும் நிலம்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலைப் பாதியில் மூடி வைத்த லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அதில் ஓர் அத்தியாயம் மனதைவிட்டுப் போகவில்லை. 1904 ஜூன் 16-ம் தேதி இரவு, டப்ளின் நகரத்தின் ஹோலிஸ் தெருப் பிரசவ ஆஸ்பத்திரி. உள்ளே ஒரு பெண் மூன்று நாளாக வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னோர் அறையில் மருத்துவ மாணவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் குடித்துவிட்டு சத்தமாக விவாதம் பண்ணுகிறார்கள். கருத்தடை சரியா, தாயா பிள்ளையா என்று வந்தால் யாரைக் காப்பாற்றுவது, இதெல்லாம்தான் பேச்சு. ஒருவருக்கும் பிள்ளை பெறும் வேலை இல்லை.

அந்த ஆஸ்பத்திரி கற்பனை அல்ல. 1894-ல் தொடங்கிய அயர்லாந்தின் தேசிய மகப்பேறு மருத்துவமனை அது. அதை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தள்ளி, எல்ம் பார்க் என்ற இடத்திலுள்ள செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை வளாகத்துக்கு மாற்றப்போவதாக 2013 மே மாதம் அரசு அறிவித்தது. அப்போது சொன்ன செலவு 15 கோடி யூரோ. நான்கு கிலோமீட்டர் என்பது சைதாப்பேட்டையிலிருந்து தி.நகர் போகிற தூரம். அந்த தூரத்தைக் கடப்பதற்குள் ஒரு நாடு தன் நூறாண்டு வரலாற்றைத் திரும்ப ஒருமுறை கிளற வேண்டிவந்தது.

முதலில் ஏன் மாற்ற வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம், அதில்தான் சண்டை குறைவு. டப்ளினில் மூன்று பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகள். மூத்தது ரோட்டுண்டா, 1745-ல் பார்த்தலோமியூ மோஸ் என்ற மருத்துவர் தொடங்கியது. மனிதர் கச்சேரி வைத்து, லாட்டரி நடத்தி, பூங்கா அமைத்து நுழைவுக் கட்டணம் வாங்கிப் பணம் திரட்டினார். அடுத்தது கூம், 1826. மூன்றாவது ஹோலிஸ் தெரு. மூன்றுமே தனித்து நிற்பவை, பொது மருத்துவமனையோடு ஒட்டாதவை. பிரசவம் சுமுகமாக நடக்கும்வரை இதில் பிரச்சினை இல்லை. ரத்தப்போக்கு நிற்காமல் போனால், இதயம் தடுமாறினால், ரத்தக்குழாய் நிபுணர் ஓடி வரவேண்டும், அல்லது தாயை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு ஊரின் இன்னொரு மூலையில். பிரசவ ஆஸ்பத்திரிகளைப் பெரிய பொது மருத்துவமனைகளோடு சேர்த்துவிடுங்கள் என்று 2008-லேயே அரசு கேட்டு வாங்கிய ஓர் அறிக்கை சொன்னது. ஹோலிஸ் தெருவுக்கு அது காட்டிய இடம் செயின்ட் வின்சென்ட்.

2016 மே மாதம் ஹோலிஸ் தெருவில், கருக்குழாய்க் கர்ப்பத்துக்கான அறுவை சிகிச்சையின்போது ரத்தக்குழாய் காயப்பட்டு ஓர் இளம் பெண் இறந்தார். மருத்துவமனை பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதை இடத்தின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வெளியான ஒரு விவரத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய மூளையைக் குளிர்விக்க ஐஸ் தேவைப்பட்டிருக்கிறது. எதிரிலிருந்த மதுக்கடைக்கு டாக்டர்களை அனுப்பி வாங்கிவரச் சொன்னார்களாம்.

ஆக, இடம் மாறவேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் எங்கே என்றால், செயின்ட் வின்சென்ட் வளாகம் அரசினுடையது அல்ல. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் சபை ஒன்றினுடையது.

இது எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, ஐரிஷ் அரசு பிறப்பதற்கு வெகுமுன்பு போகவேண்டும். மேரி ஐக்கன்ஹெட் என்ற பெண்மணி 1815-ல் தொடங்கிய சபை ‘சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி’. 1834-ல் அவர்கள் டப்ளின் நடுவே செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். காலரா ஊரை வாரிக்கொண்டு போன காலம். ஏழைகளுக்காகப் பெண்களே நடத்திய ஆஸ்பத்திரி அது. அந்தக் காலத்துக்கு அது சின்னக் காரியமில்லை, இதை மறுப்பவர்கள் அநியாயம் செய்கிறார்கள். 1922-ல் தனி அரசு அமைந்தபோது கையில் காசில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, அனாதை இல்லம் எல்லாவற்றையும் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தவர்கள் கையிலேயே விட்டுவிட்டது. சபைகள் நிலம் வைத்திருந்தன, அரசு மெல்ல மெல்லச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. ஹோலிஸ் தெருவின் இப்போதைய கட்டடம்கூட வரிப்பணத்தில் வந்ததல்ல. 1930-ல் தொடங்கிய புகழ்பெற்ற ஆஸ்பத்திரி லாட்டரியின் பணம் அது. மோஸ் காலத்திலிருந்து கணக்குப் போட்டால், டப்ளினில் பிள்ளை பெறுவதற்கு இருநூறு ஆண்டுகளாக யாரோ சீட்டு வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அரசு ஒரே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்தது. 1951. சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், இளைஞர், தானே மருத்துவர். காசநோய்க்குத் தன் குடும்பத்தில் பலரைப் பறிகொடுத்தவர். எல்லாத் தாய்மார்களுக்கும், 16 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தங்கள் தொழில் போய்விடும் என்று மருத்துவர்கள் எதிர்த்தார்கள். குடும்பத்தின் உரிமையில் அரசு கை வைக்கிறது, தாய்மை பற்றி அரசு பாடம் எடுத்தால் கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் வாசல் திறந்துவிடும் என்று ஆயர்கள் எதிர்த்தார்கள். முன்னணியில் டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்குவைட். சக அமைச்சர்கள் பிரவுனைக் கைவிட்டார்கள். ஏப்ரலில் ராஜினாமா செய்தவர், ஆயர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதையும் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாட்டை யார் ஆள்கிறார்கள் என்று ஜனங்கள் முதல்முறையாக அச்சில் படித்தார்கள்.

சரி, கன்னியாஸ்திரிகள் பக்கம்தான் இருட்டு, ஹோலிஸ் தெரு பக்கம் வெளிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம். மருத்துவமனையின் சாசனப்படி அதன் ஆளுநர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? டப்ளின் கத்தோலிக்கப் பேராயர்! 1940-களில் இதே ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர்கள்தான் மற்ற நாடுகள் கைவிட்ட ஒரு சிகிச்சைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். அதற்கு சிம்ஃபிசியாட்டமி என்று பெயர். பிள்ளை வெளியே வர இடுப்பெலும்பின் முன்மூட்டை அறுத்து விரிப்பார்கள். சிசேரியன் பாதுகாப்பாக நடந்துகொண்டிருந்த காலத்தில் எதற்கு இது? அடுத்தடுத்து சிசேரியன் செய்தால் இத்தனை பிள்ளைகளோடு நிறுத்துங்கள் என்று சொல்லவேண்டி வரும். கருத்தடைக்கு அனுமதியில்லாத நாட்டில் அதைச் சொல்ல முடியாது. அதனால் இடுப்பு அறுக்கப்பட்டது. 1940-களிலிருந்து 1980-கள்வரை நாடு முழுக்க ஏறக்குறைய 1500 பெண்கள். பலரிடம் சம்மதம்கூடக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல் வாழ்ந்தவர்கள் உண்டு. அரசு இழப்பீட்டுத் திட்டம் 2014-ல் வந்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியோடு 2016-க்கு வருவோம். புதிய ஆஸ்பத்திரியை யார் நிர்வகிப்பது என்று ஹோலிஸ் தெருவுக்கும் செயின்ட் வின்சென்ட் குழுமத்துக்கும் இழுபறி. கீரன் மல்வி என்ற நடுவர் உட்கார்ந்து நவம்பரில் ஓர் உடன்பாட்டை முடித்துவைத்தார். புதிய ஆஸ்பத்திரி ஒரு தனிக் கம்பெனி. அதன் முழுப் பங்கும் செயின்ட் வின்சென்ட் குழுமத்துக்கு. ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழு, ஆளுக்கு நான்கு, வெளியாள் ஒருவர். மருத்துவ முடிவுகளில் மத நெறி தலையிடாது என்று எழுத்தில் உத்தரவாதம். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது நல்ல வடிவமைப்புதான். சர்வர் யாருடைய கட்டடத்தில் இருந்தால் என்ன, அட்மின் பாஸ்வேர்ட் நம்மிடம் இருக்கிறதா என்பதுதானே கேள்வி.

2017 ஏப்ரலில் விஷயம் வெளியே வந்தது. அரசு முப்பது கோடி யூரோ செலவில் கட்டி, கன்னியாஸ்திரிகள் சபையின் குழுமத்துக்குச் சொந்தமாகக் கொடுக்கப்போகிறது! ஊர் கொதித்தது. அதற்கு முந்தின மாதம்தான் டூவம் நகரத்தில் வேறொரு சபை நடத்திய தாய்-சேய் இல்லத்தின் நிலத்துக்குக் கீழே குழந்தைகளின் எலும்புகள் கிடைத்ததாக விசாரணைக் குழு உறுதி செய்திருந்தது. சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டியும் குழந்தை இல்லங்களையும், பெண்களைக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்த மக்டலீன் சலவைக் கூடங்களையும் நடத்தியவர்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவதாகச் சொன்ன 50 லட்சம் யூரோவில் 20 லட்சம்தான் கொடுத்திருந்தார்கள். அவர்கள் நடத்திய டானிபுரூக் சலவைக் கூடம் எல்ம் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரம்.

இங்கே ஒரு குடும்பக் கதையும் உண்டு. ஹோலிஸ் தெருவின் தலைமை மருத்துவருக்குப் பதவிப் பெயர் ‘மாஸ்டர்’, ஏழு ஆண்டுப் பதவி. (நம்மூரில் மாஸ்டர் என்றால் டீ ஆற்றுவார், அங்கே பிரசவம் பார்க்கிறார்.) அப்போதைய மாஸ்டர் ரோனா மஹோனி, அந்த ஆஸ்பத்திரியின் முதல் பெண் மாஸ்டர். அவர் உடன்பாட்டை ஆதரித்தார். பழைய கட்டடத்தில் தாய்மார்கள் நெரிசலில் கிடக்கிறார்கள், உத்தரவாதங்கள் போதும், கட்டுங்கள் என்றார். எதிர்த்தவர் 1990-களில் மாஸ்டராக இருந்த பீட்டர் பாய்லன், மஹோனிக்கு நெருங்கிய உறவினர். நிலம் யாருடையதோ கடைசியில் சட்டம் அவர்களுடையது என்று சொல்லி ஆளுநர் குழுவிலிருந்து விலகினார். கத்தோலிக்க அமைப்பு திருச்சபைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்கிற பொருளில் ஓர் ஆயர் வாய்விட, பாய்லனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இரண்டு பேரில் யார் சரி? ரொம்ப நாள் மஹோனி பக்கம்தான் நின்றேன், அந்த ஐஸ் காரணமாக. பிறகு சவிதா ஹலப்பனவரைப் பற்றிப் படித்தேன். கர்நாடகத்துக்காரர், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில் கால்வே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிள்ளை பிழைக்காது என்று டாக்டர்களுக்குத் தெரியும். கர்ப்பத்தைக் கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். சிசுவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மருத்துவச்சி அவரிடம் சொன்னதை, பின்னால் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி 28-ம் தேதி சவிதா இறந்தார்.

கால்வே ஆஸ்பத்திரி அரசினுடையது. அங்கே எந்தச் சபைக்கும் நிலமில்லை, பங்கில்லை. அப்படியானால் சொத்துரிமை முக்கியமில்லை, சட்டம்தான் முக்கியம் என்றுதானே ஆகிறது? நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மருத்துவச்சி சட்டப்பிரிவைச் சொல்லவில்லை. நாட்டின் குணத்தைச் சொன்னார். அரசுக் கட்டடத்துக்குள்ளேயே இப்படியென்றால், பத்திரத்தில் சபையின் பெயர் இருக்கும் கட்டடத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஓர் இளம் டாக்டர் எதற்குத் தயங்குவார், எதற்குத் தயங்கமாட்டார்? அட்மின் பாஸ்வேர்ட் இதற்கு உதவாது. பாய்லன் கேட்டது இதைத்தான் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

2017 மே 29-ல் கன்னியாஸ்திரிகள் தாங்களாகவே மருத்துவமனைக் குழுமத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். மறு ஆண்டு மே மாதம் வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் ஆதரித்து, கருக்கலைப்பைத் தடுத்த அரசியல் சாசனத்தின் 8-வது திருத்தம் நீங்கியது. ஆனால் சபைச் சொத்தைக் கைமாற்ற வாட்டிகன் அனுமதி வேண்டும். அது 2020-ல்தான் கிடைத்தது. பங்குகள் 2022 ஏப்ரலில் ஒரு புதிய அறக்கட்டளைக் கம்பெனிக்குப் போயின. நிலத்தை அரசுக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்டால் மட்டும் முடியாது என்றார்கள். ஒரே வளாகத்தை இரண்டு உடைமையாளர்கள் நடத்த முடியாது என்பது குழுமத்தின் வாதம்.

கடைசியில் கிடைத்தது குத்தகை. 299 ஆண்டுகள், வருடத்துக்கு 10 யூரோ வாடகை. நிபந்தனை மீறினால் அந்த 10 யூரோ 8,50,000 யூரோவாக ஏறும். நிபந்தனையில் ஒரு சொற்றொடர்: ‘மருத்துவரீதியாகப் பொருத்தமான’, சட்டம் அனுமதிக்கிற சிகிச்சைகள் எல்லாம் அங்கே செய்யலாம். சட்டம் அனுமதித்தால் போதாதா, பொருத்தம் பார்ப்பது யார் என்று பெண்கள் கேட்டார்கள். மகப்பேறு சாராத சிகிச்சைகள் அந்தக் கட்டடத்துக்குள் வந்துவிடாமல் இருக்கத்தான் அந்தச் சொல் என்றார் அமைச்சர் ஸ்டீஃபன் டான்லி. அமைச்சரவை இரண்டு வாரம் தள்ளிப்போட்டு மே 17-ல் ஒப்புதல் கொடுத்தது. மறுநாள், நிலம் அரசுடைமையாகவே இருக்கவேண்டும் என்ற எதிர்க்கட்சித் தீர்மானத்துக்கு வாக்களித்த ஆளுங்கூட்டணியின் பசுமைக் கட்சி உறுப்பினர்கள் இருவரைக் கட்சி ஆறு மாதம் தள்ளிவைத்தது. 15 கோடியில் தொடங்கிய செலவு அதற்குள் 80 கோடி, 100 கோடி என்று பேசப்பட்டது.

குத்தகை 2321-ல் முடியும். ரோட்டுண்டா தொடங்கியதிலிருந்து கையெழுத்து விழும்வரை ஓடிய காலத்தைவிட இது நீளம். ஹோலிஸ் தெருவில் பிள்ளைகள் இன்னும் பிறந்துகொண்டிருக்கிறார்கள். நிலைமை மோசமானால் அந்த நான்கு கிலோமீட்டரைக் கடக்க இப்போதும் ஆம்புலன்ஸ்தான்.