பேஷ்வா வீடும் பிற்சேர்க்கைச் செலவும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் ஊரில் சொல்வார்கள். புனேயில் சொந்த வீடு கட்டி முடித்த பிறகுதான் அந்தப் பழமொழியின் முதற்பாதி எனக்கு முழுதாக விளங்கிற்று. கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரமே காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எஸ்டிமேட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கடைசியாகத் தோட்டச் சாமான்களுக்கு ஒரு கொட்டகை. "மண்வெட்டி, உர மூட்டை எல்லாம் எங்க வைக்கறது? உங்க புஸ்தக அலமாரியிலயா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பணம்தான் தீர்ந்துவிட்டிருந்தது.

அச்சமயம் ஊரிலிருந்து வந்த உறவினர்களை ஷனிவார் வாடாவுக்கு அழைத்துச் சென்றேன். பலமுறை பார்த்த இடம். ஆனால் வீடு கட்டியவன் கண்ணோடு பார்த்தது அன்றுதான்.

முதலாம் பாஜிராவ் இதற்கு அடிக்கல் நாட்டியது 1730 ஜனவரி 10, சனிக்கிழமை. புதுமனை புகுவிழா 1732 ஜனவரி 22, அதுவும் சனிக்கிழமை. பெயர்க்காரணம் இதுவே. கட்டடச் செலவு ரூ. 16,110 என்பது கணக்கு. ஜுன்னர்க் காட்டுத் தேக்கு, சிஞ்ச்வட் கல், ஜெஜுரிச் சுண்ணாம்பு எல்லாம் இதில் அடக்கம்.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மதிலும் 9 கொத்தளங்களும் 5 வாசல்களும் அந்தத் தொகையில் வந்தவை அல்ல. வடக்கு நோக்கிய தில்லி வாசல், தில்லி பாதுஷாவுக்கு விடுத்த சவால் போலத் தோன்றும் என்று சத்ரபதி ஷாஹு மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. 1749-இல் அவர் மறைந்த பின்னரே, பாஜிராவின் மகன் நானாசாகிப் அதை முடித்தார். தெற்கே காத்ரஜ் ஏரியிலிருந்து நிலச்சரிவை மட்டுமே நம்பி, மோட்டார் இல்லாமல் நீர் கொண்டுவந்த கட்டுக்கால்வாயும் அவர் காலத்ததே. அது வாடாவுக்கு மட்டுமின்றி ஊர்ப் பொதுத் தொட்டிகளுக்கும் நீர் தந்தது. 16 இதழ்த் தாமரை வடிவிலான ஹஜாரி காரஞ்சே என்னும் நீரூற்று இன்னும் பின்னால் வந்தது. ஆக, ஒரு வீட்டின் 'எக்ஸ்ட்ரா' வேலைகள் பேஷ்வாக்களுக்கே இரண்டு மூன்று தலைமுறைக்கு நீண்டிருக்கின்றன!

இது நமக்குப் புதிதல்ல. நம் கோயில்களில் கருவறை எழுப்பியவர் ஒருவர், மதிலும் கோபுரமும் கட்டியவர் வேறொருவர். திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று 1987-இல்தான் நிறைவு பெற்றது. முன்னோர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. ஆனால் பின்னால் வருவதைத் தாங்கும்படி அடித்தளம் இட்டு வைத்தார்கள்.

இனிச் சொல்ல வேண்டியது முக்கியமானது. 1828 பிப்ரவரி 27 அன்று வாடாவில் தீப்பற்றி ஏழு நாட்கள் எரிந்தது. தேக்கு மாளிகைகள் சாம்பலாயின. எஞ்சியவை கல் அடித்தளங்கள், மதில், வாசல்கள், நீரூற்றின் வடிவம். எது வீடு என்று கருதப்பட்டதோ அது போயிற்று. எது பிற்சேர்க்கையோ அது நின்றது.

திரும்பி வந்ததும் எங்கள் கொட்டகைப் பேச்சு மறுபடி எழுந்தது. செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் என்றால் செலவு கட்டுப்படியாகாது. வெறும் தகரம் என்றால் புனே மழையில் அடி துருப்பிடிக்கும். யோசித்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கல் மேடை மட்டும் கெட்டியாகப் போட்டோம். மேலே இப்போதைக்குத் தகரக் கொட்டகை. பின்னாளில் பிள்ளைகளுக்கு வசதிப்பட்டால் அதே மேடையில் செங்கல் எழுப்பிக்கொள்ளலாம்.

புனேயில் புதிதாக வீடு கட்டப்போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவர், கேட், தண்ணீர், கொட்டகை இவற்றுக்கென்று முதல் நாளே ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது முடியாவிட்டால் இடத்தையாவது விட்டு வையுங்கள். மீதியை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும்.