கிரெமோனாவின் கைவினை

நமது இசையரங்குகளிலே பாடகரின் குரலை நிழல்போலத் தொடர்ந்து செல்லும் வயலின், மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த கருவியாகும். முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைப் பயின்று கருநாடக இசைக்கு உரியதாக்கினார் என்பதைப் பலரும் அறிவர். ஆயின், அக்கருவியை மரத்திலிருந்து வடித்தெடுத்த கைகளின் வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு கைவினை எவ்வாறு செழித்தது, எவ்வாறு அறுந்தது, மீண்டும் எவ்வாறு தளிர்த்தது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

வட இத்தாலியில், போ நதியின் கரையில் உள்ளது கிரெமோனா நகரம். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த அந்திரேயா அமாத்தி, இன்று நாம் காணும் வயலினின் வடிவத்தை நிலைநிறுத்திய முன்னோடியாவார். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்ள்சின் அரசவைக்கென அவர் செய்த கருவிகளிற் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவருக்குப்பின் இவ்வித்தை புதல்வர்களுக்கும், புதல்வரிடமிருந்து பேரனாகிய நிக்கொலோ அமாத்திக்கும் சென்றது. குடும்பத்தின் வாசலைத் தாண்டி அது வெளியே செல்லவில்லை.

அவ்வித்தைதான் யாது? வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தினாலும், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரத்தினாலும் ஆனவை. கிரெமோனாவின் வினைஞர் முதலில் மரத்தினால் ஓர் உள்ளச்சுச் செய்வர். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள மேப்பிள் கீற்றுகளைச் சூடேற்றிய இரும்பில் வளைத்து அவ்வச்சைச் சுற்றிப் பொருத்துவர். பின்னர், தடித்த பலகையை உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து, மேற்பலகை சுமார் மூன்று மில்லிமீற்றர் அளவாகும்வரை மெலிதாக்குவர். விளிம்பையொட்டி நுண்ணிய வாய்க்கால் வெட்டி, அதனுள் மெல்லிய மரக்கீற்றைப் பதிப்பர். அழகுக்காகச் செய்ததுபோலத் தோன்றும் அக்கோடு, விளிம்பில் ஏற்படும் வெடிப்பு உள்ளே பரவாமல் தடுக்கும் காவலுமாகும். பலகைகளை ஒட்டுவது வச்சிரப் பசையினால். பின்னொரு நாள் பழுதுபார்க்க வேண்டின், பலகைக்குச் சேதமின்றி அப்பசையைப் பிரிக்கலாம். இறுதியாக, குதிரையின் ஒரு காலுக்கு அண்மையில், இரு பலகைகளுக்கும் இடையே ஒரு சிறிய மரக்குச்சியை ஒட்டாமல் இறுக்கி நிறுத்துவர். இத்தாலியர் அதற்கு இட்ட பெயர் ‘ஆன்மா’. அதனைச் சிறிது நகர்த்தினாலும் கருவியின் குரல் மாறிவிடும்.

அளவுகளை ஏட்டில் எழுதிவைத்துவிடலாம். ஆனால், இரு மரத்துண்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. கையிலுள்ள பலகையை எங்கே இன்னும் குடைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை, தட்டிக் கேட்கும் செவியும் வளைத்துப் பார்க்கும் விரலுமே அறியும். அவ்வறிவு குருவின் அருகிலமர்ந்து பெறவேண்டியது.

1630ஆம் ஆண்டளவில் வட இத்தாலியைக் கொடிய கொள்ளைநோய் தாக்கியது. நிக்கொலோவின் தந்தை ஜிரோலமோவும் அதற்குப் பலியானார். கிரெமோனாவில் இவ்வித்தையைத் தொடர நிக்கொலோ ஒருவரே எஞ்சி நின்றார். ஐரோப்பாவின் தேவையோ குறையவில்லை. எனவே, அவர் தம் குடும்பத்தாரல்லாத இளைஞரையும் பட்டறையிற் சேர்த்துக்கொண்டார். 1641இல் அவரது இல்லத்தில் அந்திரேயா குவார்னேரி என்னும் இளைஞர் வாழ்ந்ததைப் பதிவேடுகள் காட்டுகின்றன. அவருடைய பேரனே, பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற ஜூசெப்பே குவார்னேரி. அவர் 1743இல் செய்த வயலினைத்தான் பகனினி என்னும் மாமேதை பல்லாண்டுகள் போற்றி வாசித்து, ஈற்றில் தம் பிறந்த நகரமாகிய ஜெனோவாவுக்கு விட்டுச்சென்றார்.

அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியும் 1666ஆம் ஆண்டு வயலினொன்றில் தம்மை நிக்கொலோவின் மாணவர் என்று குறித்துள்ளார். அவர் அப்பட்டறையில் எவ்வளவு காலம் பயின்றார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும், திறந்துவிடப்பட்ட அவ்வாசலினூடாகவே கிரெமோனாவின் பொற்காலம் புகுந்தது எனலாம்.

ஸ்ட்ராடிவாரி 1737இல், தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்தார். அவருடைய கருவிகளில் ஏறக்குறைய அறுநூற்றைம்பது இன்றும் உள்ளன. ஆனால், அவர் பட்டறையிற் பெரிதும் துணைநின்றோர் அவருடைய புதல்வரே. அவர்களில் ஒமோபோனோ 1742இலும், பிரான்செஸ்கோ 1743இலும் இறந்தனர். 1744இல் ஜூசெப்பே குவார்னேரியும் மறைந்தார். ஏழே ஆண்டுகளில் மாபெரும் பட்டறைகள் வெறுமையாயின. அதன்பின் சிலர் தொழிலைத் தொடர்ந்தனராயினும், பழைய சிறப்பு மங்கிற்று. எஞ்சிய அச்சுகளையும் கருவிகளையும் ஸ்ட்ராடிவாரியின் இளைய மகன் பாவோலோவிடமிருந்து கோசியோ பிரபு விலைக்கு வாங்கினார். அச்சுகள் பிழைத்தன, அவற்றைக் கையாளக் கற்றுத்தர ஆசானில்லை.

1920இல் அப்பொருள்களை வாங்கிய வயலின் வினைஞர் ஜூசெப்பே பியோரினி, 1930இல் அவற்றைக் கிரெமோனா நகருக்கே கொடையாக அளித்தார். 1938இல் அங்கே வயலின் செய்யும் கலைக்கென ஒரு பாடசாலை நிறுவப்பட்டது. பல நாட்டு மாணவரும் அங்கு சென்று பயின்றனர். 2012இல் கிரெமோனாவின் இக்கைவினையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றது.

ஸ்ட்ராடிவாரியின் மெருகெண்ணெயில் மீட்க முடியாத இரகசியமொன்று மறைந்துள்ளது எனப் பலர் நம்புவதுண்டு. 2012இல் பாரிஸ் நகரையொட்டி ஒரு சோதனை நிகழ்ந்தது. எது பழையது, எது புதியது என்று காணாதவாறு, பத்து வித்துவான்கள் பன்னிரண்டு வயலின்களை வாசித்துப் பார்த்தனர். அவர்களுள் அறுவர் தமக்கு மிக உகந்ததெனத் தெரிந்தெடுத்தது புதிய வயலினையே. இச்சிறு சோதனையினால் பழைய ஆசான்களின் பெருமை குறைந்துவிடாது. அறுந்த நூலைப் பொறுமையுள்ள மாணவர் மீண்டும் முடிய இயலும் என்பதே அது தரும் நம்பிக்கை.

நேயர்களே, நம் நாட்டிலும் மத்தளத்திற்குத் தோல் பதிப்போரும், நாதஸ்வரத்திற்குச் சீவாளி கட்டுவோரும் உள்ளனர். அவர்களுடைய அறிவும் பெரும்பாலும் விரல்நுனியிலே வாழ்வது. கிரெமோனாவின் வாசலைத் திறக்க ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது. அத்தகைய இடரொன்று வருமுன்னரே நம் வினைஞரின் அருகில் ஓரிரு இளைஞரை அமர்த்துவது நம் கையில் உள்ளது.